சத்தம் நின்ற பிறகு

வடக்கு உத்திர வீதி,
ஸ்ரீரங்கம்.
10 பிப்ரவரி 2025

திரு. அமிர்தராஜ் அவர்களுக்கு,

கல்யாணமான நாளிலிருந்து உங்கள் பெயரை நான் எழுதியதே இல்லை. எவ்வளவு கோபத்தில் இருக்கிறேன் என்று தெரியட்டும் என்றுதான் இப்போது எழுதியிருக்கிறேன்.

போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன். குரலைக் கேட்டால் கொஞ்ச நேரத்தில் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். நானும் பையைத் தூக்கிக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி பாலக்கரைக்கு வந்துவிடுவேன். சொல்ல வேண்டியதை எழுதுங்கள். தபால்காரர் இந்தத் தெருவுக்கு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. ஆனந்தவள்ளி அம்மா ரிட்டயர்டு கணக்கு டீச்சர். இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கிறார். கூடவே தங்கி எழுப்பி, நடத்தி, குளிப்பாட்டிவிட ஆள் வேண்டும் என்று கேட்டார்கள், வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. முதல் நாள், "அடுக்களைப் பக்கம் மட்டும் வர வேண்டாம்மா, தப்பா எடுத்துக்காதே" என்றார். அதற்குள் அவரே, "ரோசரி, ஒரு வாய் காபி போட்டுத் தாயேன்" என்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நவம்பரில் காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய்க் கடை முன்னால் நீங்கள் விழுந்தீர்கள். உங்கள் இதயம் துடிக்க மறந்துபோகிறது என்று சொல்லி, இடது தோளுக்குக் கீழே பேஸ்மேக்கரை வைத்துத் தைத்தார்கள். டாக்டர் உங்களிடம் மட்டும் சொல்லவில்லை, என்னையும் உட்காரவைத்துத்தான் சொன்னார். அலுமினியம் பற்றவைக்கும் உங்கள் மெஷினிலிருந்து வருகிற அந்தப் பொறியின் மின் இரைச்சலை, இதயத் துடிப்பு என்று அந்தக் கருவி நினைத்துக்கொள்ளுமாம். இதயம்தான் துடிக்கிறதே, நமக்கென்ன வேலை என்று சும்மா இருந்துவிடுமாம். அந்த நேரம் பார்த்து இதயமும் சும்மா இருந்தால்?  

ஜனவரியில் நீங்கள் வீட்டு முன்பக்கத்துக் கடையின் ஷட்டரைத் தூக்கினீர்கள். கத்தினேன், கேட்கவில்லை. அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டேன். மெஷின் ஓடினால் 'ரீங்' என்று சத்தம் சமையலறைக்குக் கேட்கும். அது நின்றால் பற்றவைக்கும் தையல் முடிந்து நின்றதா, நீங்கள் விழுந்து நின்றதா என்று எனக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் சுத்தியலால் மேஜையில் ஒரு தட்டு தட்டுங்கள் என்றேன். "அவ்வளவுதானே, மகாராணி" என்றீர்கள். சில நாள் தட்டினீர்கள்.

அன்றைக்குச் சத்தம் நின்றது. தட்டு வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன். கொத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. எழுந்து ஓடிவந்து பார்த்தால், நீங்கள் நல்லதம்பி அண்ணனின் பஞ்சர் கடை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருக்கிறீர்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள். "அடடா, தட்ட மறந்துட்டேன்" என்றீர்கள்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் வந்துவிட்டேன். நமக்குப் பிள்ளை இல்லை. எனக்கென்று இருப்பது நீங்கள் ஒருவர்தான். அந்த ஒருவருக்கு ஒரு தட்டு தட்ட நினைவில்லை. மெஷினை விற்றுவிட்டேன் என்று எழுதுங்கள், அடுத்த பஸ்ஸில் வருகிறேன்.

ரோசரி


பாலக்கரை,
திருச்சி.
15 பிப்ரவரி 2025

என் கோபக்கார ரோசரிக்கு,

'திரு' போட்டதற்கு நன்றி. கரண்ட் ஆபீஸ்காரன்கூட எனக்கு இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை. கடிதத்தை நல்லதம்பியிடம் காட்டினேன், "உறை மேல பேர் எவ்வளவு அழகா எழுதியிருக்கு தங்கச்சி" என்றான். உள்ளே படிக்கக் கொடுக்கவில்லை, பயப்படாதே.

மறந்தது தப்புதான். சிரித்தது அதைவிடப் பெரிய தப்பு. ஆனால் நீ கறிவேப்பிலைக் கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என்னை அடிக்க வருகிற மாதிரி நின்றாய், சிரிப்பு வந்துவிட்டது. சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை.

மெஷினை விற்கச் சொல்கிறாய். எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். இரும்புக்குப் பற்றவைக்க இந்த ஊரில் தெருவுக்கு நாலு பேர். அலுமினியம் என்றால் வண்டியின் கியர்பாக்ஸ் மூடியைத் தூக்கிக்கொண்டு உறையூர், தில்லைநகர் எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் என்னிடம்தான் வருகிறார்கள். ஏன் என்று உனக்கே தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் இருக்கிறது. உள்ளே இருக்கும் உலோகம் சீக்கிரம் உருகிவிடும், அந்தத் தோல் உருகவே உருகாது. தோலைக் கிழிக்காமல் சூடு வைத்தால், உள்ளே கஞ்சியாகிவிட்ட பிறகும் மேலே முழுசாக இருப்பது போலத் தெரியும். அப்புறம் பொத்தென்று தரையில் விழும். மின்சாரம் இப்படியும் அப்படியும் மாறி மாறி ஓடினால்தான் ஒரு ஓட்டத்தில் தோல் கிழியும், மறு ஓட்டத்தில் உலோகம் உருகும். அப்படி மாறும்போது நெருப்பு அணைந்துவிடாமல் பிடித்துக்கொள்வதுதான் நீ சொல்கிற பொறி. அதை நிறுத்திவிட்டு என் பழைய மெஷினில் வேலை செய்ய முடியாது.

அதற்காக நான் முட்டாளும் இல்லை. இப்போதெல்லாம் வயரைத் தோளில் போடுவதில்லை. கரண்ட் திரும்பிப் போகிற ஏர்த் கிளாம்பை வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கடிக்க விடுகிறேன். மெஷினைத் தள்ளி வைத்துவிட்டேன். வலது கையை நீட்டி, இடது தோளைப் பின்னால் வாங்கி, ஒருக்களித்து நிற்கிறேன். வாசலில் ஏதோ பெண் போகிறாள், பார்க்காத மாதிரி பார்க்கிறேன் என்று நல்லதம்பி கிண்டல் செய்கிறான். கொஞ்சம் செய்துவிட்டு உட்கார்கிறேன், அப்புறம் எழுந்து செய்கிறேன். இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

நீ பயந்தவள், ரோசரி. கல்யாணத்தன்றே ராட்டினத்தில் ஏற மாட்டேன் என்றாய். தவக்காலம் வரப்போகிறது, கோபத்தையும் விரதத்தில் சேர்த்துக்கொண்டு வந்துவிடு. ரசம் வைக்க வரவில்லை எனக்கு.

உன்
அமிர்தராஜ்


ஸ்ரீரங்கம்,
21 பிப்ரவரி 2025

திரு. அமிர்தராஜ் அவர்களுக்கு,

ஒருக்களித்து நிற்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மரணம் எதிரில்தான் வரும், பக்கவாட்டில் வராது என்று யாராவது எழுதிக் கொடுத்தார்களா?

ஆனந்தவள்ளி அம்மாவைப் பரிசோதனைக்கு அழைத்துப்போன ஆஸ்பத்திரியில், இந்தக் கருவிகளைப் பார்க்கிற ஒருவர் இருந்தார். வெட்கத்தை விட்டு அவரிடம் கேட்டேன். வயரை இப்படிப் போடுவார், மெஷினை அப்படி வைப்பார், போதுமா சார் என்றேன். "இரும்பு வெல்டிங்னா கொஞ்சம் யோசிச்சுச் சொல்லலாம்மா. நீங்க சொல்ற இந்தப் பொறி வர்ற மெஷின் பக்கமே போகக் கூடாது" என்றார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். குழாய்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

இந்த வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய மின்விசிறி இருக்கிறது. போட்டால் 'ரீங்' என்றுதான் சுற்றும். கரண்ட் போனால் அது நிற்கும், நானும் அப்படியே நின்றுவிடுகிறேன். "ஏண்டிம்மா, எதைப் பார்த்துப் பயந்தே?" என்கிறார் அம்மா. மின்விசிறி நின்றதற்குப் பயந்தேன் என்று சொல்ல முடியுமா?

ஆமாம், நான் பயந்தவள்தான். ராட்டினம் நம்மைக் கீழே இறக்கிவிட்டுவிடும் என்று எனக்கு அன்றைக்கும் நம்பிக்கை இல்லை. இன்றைக்கும் இல்லை.

ரோசரி


பாலக்கரை,
5 மார்ச் 2025

அன்புள்ள ரோசரி,

இன்று சாம்பல் புதன். பூசைக்குப் போய்விட்டு வந்தேன். நெற்றியில் சாம்பலோடு கடையைத் திறந்தால், கரியைத் துடைக்கச் சொல்லி ஒரு கஸ்டமர் கைக்குட்டையை நீட்டுகிறார்.

வேலை குறைவுதான். ஒரு ஏசி பைப், ஒரு பைக் இன்ஜின் மூடி. மூடியில் எண்ணெய் ஊறியிருந்தது. எவ்வளவு துடைத்தாலும் சூடு பட்டால் உள்ளேயிருந்து எண்ணெய் கசிந்து வரும், தையலில் எறும்பு துளைத்த மாதிரி ஓட்டை விழும். திரும்பத் திரும்பச் சுரண்டி, திரும்பத் திரும்பப் பற்றவைத்தேன். அதனால் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

மாசியிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அன்றைக்குத் தலை லேசாகச் சுற்றியது, தரையில் கொஞ்சம் உட்கார்ந்தேன். வெயில்தான். காலையில் சாப்பிடவில்லை. வெல்டிங் ஹெல்மெட் கண்ணாடி ஒரு ஓரம் உடைந்துவிட்டது, மாற்றிவிட்டேன். ஒன்றுமில்லை.

நல்லதம்பி ஏதாவது சொன்னால் நம்பாதே. அவன் எதையும் ஊதிப் பெரிதாக்குவான்.

ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன். புளி அதிகம்.

அமிர்தராஜ்


ஸ்ரீரங்கம்,
17 மார்ச் 2025

என்னங்க,

'திரு' போட மனம் வரவில்லை.

"ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்த உங்கள் கடிதம் நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் கைக்குக் கிடைத்தது. அதை நீங்கள் தபாலில் போட்ட மறுநாளே மறுபடியும் விழுந்துவிட்டீர்கள். நல்லதம்பி அண்ணன் இந்த வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டு, "தங்கச்சி, பதறாம கிளம்பி வாம்மா" என்றார். அந்தக் குரலே பதறியது. காவிரிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றுவிட்டது. இறங்கி நடக்கலாமா, உட்கார்ந்தே இருக்கலாமா என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் போய்ச் சேரும்போது நீங்கள் இருப்பீர்களா என்பது எனக்குத் தெரியாது. அதை யோசித்துக்கொண்டே ஆற்றைப் பார்த்தேன். தண்ணீர் இருந்ததா, மணல் தெரிந்ததா என்றுகூட இப்போது நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் நான் உங்களிடம் பேசவில்லை என்று உங்களுக்கு வருத்தம். வாயைத் திறந்தால் கத்தியிருப்பேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். கஞ்சி ஊட்டினேன், தலை வாரிவிட்டேன், அதுதான் என் பேச்சு.

இரும்பு சூடானால் சிவந்து காட்டிக்கொடுக்கும், அலுமினியம் கடைசிவரை வெள்ளையாகவே இருந்து சொல்லாமல் கொள்ளாமல் விழுந்துவிடும் என்று நீங்கள்தான் சொல்வீர்கள். தரையில் விழுந்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று எழுதுகிறவரை என்னவென்று சொல்வது?

இனி மெஷினைத் தொட மாட்டேன் என்று கட்டிலில் கிடந்தபடி நீங்களாகவே சொன்னீர்கள். நான் சத்தியம் கேட்கவில்லை. ஆனந்தவள்ளி அம்மாவுக்கு வேறு ஆள் கிடைக்கும்வரை இங்கே இருந்தாக வேண்டும். அதுவரை நல்லதம்பி அண்ணன் வீட்டிலிருந்து உங்களுக்குச் சாப்பாடு வரும்.

மாத்திரை போடுங்கள்.

ரோசரி


பாலக்கரை,
22 ஏப்ரல் 2025

ரோசரிக்கு,

ஈஸ்டருக்கு நீ வந்து போனதில் சந்தோஷம்.

ஷட்டர் மூடியிருக்கிறது. யாராவது தட்டினால் கடை இல்லை என்கிறேன். ஏன் என்று கேட்கிறார்கள், உடம்பு சரியில்லை என்கிறேன். பார்த்தால் நன்றாக இருக்கிறீர்களே என்கிறார்கள்.

மெஷின் மேல் துணி போட்டு மூடியிருக்கிறேன்.

மாத்திரை போடுகிறேன்.

அமிர்தராஜ்


ஸ்ரீரங்கம்,
19 மே 2025

என்னங்க,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். படிக்க அதில் ஒன்றும் இல்லை. நல்லதம்பியைக் கிண்டல் செய்யவில்லை, ரசத்தைப் பற்றிப் பேச்சில்லை. எனக்குப் புதிதாக ஒரு பயம் வந்துவிட்டது. நீங்கள் மெஷினைத் தொட்டால் செத்துப்போவீர்கள் என்று பயந்தேன். தொடாமல் இருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறீர்களோ என்று இப்போது பயப்படுகிறேன். "சாப்பிடுறாரு, தூங்குறாரு, பேசத்தான் மாட்டேங்குறாரு" என்கிறார் அண்ணன்.

அதனால் ஒன்று கேட்கிறேன், பதில் எழுதுங்கள். ஆனந்தவள்ளி அம்மா தினமும் என்னிடம் ஏதாவது கேட்டுக்கொண்டிருப்பார். "உன் ஆத்துக்காரர் செய்யற அந்த வேலைதான் என்ன, விவரமாச் சொல்லேன்" என்றார். எனக்குத் தெரிந்தது கொஞ்சம். நம்முடைய முதல் மெஷினில், காலால் மிதித்துக் கரண்டைக் கூட்டிக் குறைக்கிற பெடல் கிடையாது. நீங்கள் நெருப்பு வருகிற டார்ச்சைப் பிடித்துக்கொண்டு "ஏத்து... இறக்கு... போதும்" என்று கத்துவீர்கள், நான் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து திருகைத் திருப்புவேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

அம்மா கேட்கிறார்: தையலின் இரண்டு பக்கமும் கரி போலக் கறுப்பாகப் படிந்தால் அது எதனால்? தொடங்கின இடத்தில் பிடிக்காமல் போவதும், முடிக்கிற இடத்தில் ஓட்டையே விழுவதும் எதனால்?

ரோசரி


பாலக்கரை,
24 மே 2025

ரோசரிக்கு,

டீச்சருக்கு என் வணக்கம். நல்ல கேள்விகள்.

கறுப்பு படிவதற்குப் பல காரணம். முதலில் பிரஷ்ஷைப் பார்க்க வேண்டும். இரும்பில் தேய்த்த வயர் பிரஷ்ஷை அலுமினியத்தில் வைக்கவே கூடாது, இரும்புத் தூள் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அலுமினியத்துக்கென்று துருப்பிடிக்காத கம்பி பிரஷ் ஒன்று தனியாக, நீ கோயிலுக்குக் கட்டும் சேலையைத் தனியாக வைப்பது போல. முதலில் எண்ணெயைத் துடைக்க வேண்டும், அப்புறம் தேய்க்க வேண்டும். எண்ணெயோடு தேய்த்தால் அழுக்கை உள்ளே பூசி மெழுகுகிற வேலைதான். அடுத்தது, டார்ச்சை ரொம்பச் சாய்த்துப் பிடித்தால் ஆர்கான் வாயு ஒரு பக்கம் ஓடிவிடும், காற்று உள்ளே புகுந்துவிடும். கிட்டத்தட்ட நேராகப் பிடிக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும்.

தொடங்கின இடத்தில் பிடிக்காதது, சூடு போதாததால். அலுமினியம் வைக்கிற சூட்டையெல்லாம் உடம்பு முழுக்கப் பரப்பிவிடும், முதலில் எவ்வளவு கொடுத்தாலும் பசி அடங்காது. பெடலை நன்றாக மிதித்துக் காத்திருக்க வேண்டும். மினுமினு என்று ஒரு சின்னக் குளம் தெரியும்வரை உருக்கி நிரப்புகிற அலுமினிய ராடைக் கொண்டுபோகக் கூடாது. போகப் போக உடம்பே சூடாகிவிடும். அப்போது காலைத் தளர்த்தாமல் அதே மிதி மிதித்தால் ஓட்டைதான்.

முடிப்பதுதான் கஷ்டம். சட்டென்று காலை எடுத்தால் அந்த இடத்தில் நட்சத்திரம் போல ஒரு குழி, குழிக்குள் விரிசல். அன்றைக்குத் தெரியாது, வண்டி ஓடும்போது அங்கிருந்துதான் பிளக்கும். மெல்ல மெல்லக் குறைத்து, கடைசியாக ஒரு சொட்டு ராடு கொடுத்து, குழி நிரம்பினதும் காலை எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் டார்ச்சை அங்கேயே கொஞ்ச நேரம் பிடித்திருக்க வேண்டும், வாயு அதைப் போர்த்தி ஆறவைக்கும்.

எழுத உட்கார்ந்ததில் சாப்பாடு ஆறிவிட்டது. நல்லதம்பி திட்டுகிறான். இன்று அவன் கடைக்கு ஒரு குண்டு ஆள் வந்தார், ஸ்கூட்டர் பஞ்சர். காற்றடித்து முடித்ததும் அதே சக்கரத்தின் மேல் உட்கார்ந்தார், மறுபடியும் பஞ்சர். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன்.

உன்
அமிர்தராஜ்


ஸ்ரீரங்கம்,
16 ஜூன் 2025

என்னங்க,

குண்டு ஆள் கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இடுப்பு வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்றார்.

அம்மாவுக்கு இன்னும் சில சந்தேகங்கள். ராடின் நுனி குளத்துக்குப் போகும் முன்பே உருண்டு உருண்டு தொங்குகிறதே, அதை எப்படித் தவிர்ப்பது? டார்ச்சில் இருக்கும் டங்ஸ்டன் நுனி தெரியாமல் குளத்தில் பட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் கழற்றித் தேய்த்துத்தான் ஆக வேண்டுமா? கையுறை வியர்வையில் நனைந்துவிட்டால் சுரீர் என்கிறதே, அது சாதாரணம்தானா?

சீக்கிரம் எழுதுங்கள்.

ரோசரி


பாலக்கரை,
1 ஜூலை 2025

ரோசரி,

ரிட்டயர்டான கணக்கு டீச்சர், இடுப்பு உடைந்து கட்டிலில் படுத்திருக்கிறவர், அவருக்குக் கையுறை நனைந்து சுரீர் என்கிறதா?

உன் கடிதத்தை மடித்து வைக்கவே முடியவில்லை. கையில் டார்ச் பிடிக்காதவர்களுக்கு அந்தக் கேள்விகள் வராது. யோசித்தேன். உனக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. லிசி நம் கோயில் பாடற்குழுவில் உன்னோடு பாடுகிறவள், துவாக்குடியில் வெல்டிங் ஷெட் வைத்திருக்கிறாள். இரண்டையும் சேர்த்தால் கணக்கு வந்துவிட்டது, டீச்சர் வேண்டியதில்லை.

உனக்கு எழுதிக் கேட்டால் இல்லை என்பாய் என்று, போன ஞாயிறு நானே துவாக்குடி பஸ்ஸில் ஏறினேன். ஷெட்டின் தகரச் சுவருக்கு எதிர்ப்பக்கம், ரோட்டைத் தாண்டி, ஒரு டெம்போவின் பின்னால் நின்றேன். கிட்டே போகவில்லை, சத்தியமாக. ஞாயிறு என்பதால் மற்ற மெஷின் எதுவும் ஓடவில்லை. 'ரீங்' என்று சத்தம் வந்தது. சத்தம் நடுங்கி நடுங்கி வந்தது, நீ டார்ச்சைத் தூரமாகப் பிடிக்கிறாய் என்று தெரிந்தது. கிட்டே கொண்டுபோ, கிட்டே கொண்டுபோ என்று நான் ரோட்டில் நின்று முணுமுணுத்தேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் ஒரே சீராக ஆனது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

அப்புறம் நின்றுவிட்டது.

ஷெட் வாசலில் யாரும் இல்லை. உள்ளே இருட்டு. எனக்கு அந்தக் கையுறை நினைவு வந்தது. ஈரக் கையுறை, மாறி மாறி ஓடுகிற மின்சாரம், அடியில் தகரம். லிசி டீ குடிக்கப் போயிருந்தால்? தரையில் நீ விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும்? ஓட வேண்டும் என்று நினைக்கிறேன். உள்ளே மெஷின் மறுபடி ஓடத் தொடங்கினால் நான் அங்கே இருக்கக் கூடாது, போகாமல் நிற்கவும் முடியாது. ஒரு பஸ் குறுக்கே போனது, அது போகிற நேரம் முழுக்க நான் மூச்சு விடவில்லை. என் வாயில் ஜெபம்கூட வரவில்லை, ரோசரி. ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டு என்றுதான் வந்தது.

பஸ் போன பிறகு பார்த்தால், நீ வாசலில் நின்று சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடிக்கிறாய். லிசியிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாய்.

நான் டெம்போவின் பின்னாலேயே குந்திவிட்டேன். டிரைவர் வந்து, "என்னண்ணே, உடம்புக்கு முடியலையா?" என்றார். என்ன சொல்வது? கறிவேப்பிலைக் கொத்தோடு நீ ஓடிவந்து நின்றாயே, அந்த முகத்தைப் பார்த்து நான் சிரித்தேன் என்று அவரிடம் சொல்ல முடியுமா? அன்றைக்கு உனக்கு என்ன ஆனது என்று இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை நாள் அதைத் தினமும் வைத்துக்கொண்டு எனக்குச் சமைத்துப் போட்டிருக்கிறாய்.

போதும், விட்டுவிடு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நீ எழுதியபோது நான் கேட்டேனா? இதைச் சொல்ல எனக்கு வாயில்லை. அதனால் உன் கேள்விகளுக்குப் பதில் மட்டும். ராடு உருண்டு தொங்கினால், ராடை நெருப்புக்கு ரொம்பக் கிட்டே வைத்திருக்கிறாய் என்று அர்த்தம். படுக்கைவாட்டில் கொண்டுவந்து, குளத்தின் முன் ஓரத்தைத் தொட்டுவிட்டு எடு. டங்ஸ்டன் பட்டால் ஒவ்வொரு முறையும் கழற்றித்தான் தேய்க்க வேண்டும், சோம்பல் கூடாது. சுரீர் என்பது சாதாரணம் இல்லை. சாதாரணமே இல்லை. இரண்டு ஜோடி கையுறை வைத்துக்கொள், நனைந்ததைக் கழற்றி வெயிலில் போடு, காலுக்குக் கீழே ரப்பர் பாயோ பலகையோ போடு. கழுத்துவரை பொத்தான் போடு, அலுமினிய வெளிச்சம் பளபளவென்று எதிரடித்துத் தோலைச் சுட்டுவிடும். ஹெல்மெட் கண்ணாடியைப் பார்க்காமல் தொடங்காதே.

இதையெல்லாம் எழுதிவிட்டு ஒரு முறை திரும்பப் படித்தேன். இவ்வளவு பயமான வேலையையா நான் விசில் அடித்துக்கொண்டு செய்தேன்?

வீட்டுக்கு வந்து செய், ரோசரி. டாக்டரிடம் கடைக்கும் சமையலறைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று படம் போட்டுக் காட்டினேன். மெஷின் ஓடும்போது கடைக்குள் கால் வைக்கக் கூடாது, சமையலறை பரவாயில்லை என்றார். துணியை எடுத்து மெஷினைத் துடைத்து வைத்திருக்கிறேன், கரண்ட் கொடுக்கவில்லை. நீ கடையில் இரு. நான் உள்ளே சமைக்கிறேன்.

ஆனால் நிறுத்தும்போது ஒரு தட்டு தட்டு. மறந்துவிடாதே.

உன்
அமிர்தராஜ்


ஸ்ரீரங்கம்,
7 ஜூலை 2025

என்னங்க,

டெம்போவின் பின்னால் நின்றது நீங்கள்தான் என்று எனக்கு அன்றைக்கே சந்தேகம். லிசி, "அங்க ஒருத்தர் உங்க வீட்டுக்காரர் மாதிரியே குந்தியிருக்காரு" என்றாள். அவர் அப்படியெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆனந்தவள்ளி அம்மாவுக்கு அடுத்த வாரம் உறையூரிலிருந்து வேறு ஆள் வருகிறாள். அம்மா இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். அவர் பெயரைச் சொல்லி உங்களிடம் கேள்வி கேட்டதை அவரிடம் சொல்லிவிட்டேன். "அப்போ பதிலையும் எனக்குப் படிச்சுக் காட்டணுமோல்லியோ?" என்றார். எல்லாம் படித்துக் காட்டினேன். அந்தக் கடைசிக் கடிதத்தை மட்டும் காட்டவில்லை.

என் தையல் கோணலாகத்தான் வருகிறது. லிசி தட்டி, வளைத்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுச் சின்ன வேலை வாங்கலாம் என்றாள். வண்டி மூடி எதையும் நான் இப்போதைக்குத் தொட மாட்டேன். குண்டானுக்குக் கைப்பிடி, ஜன்னல் சட்டம், அவ்வளவுதான். பயமாக இருக்கிறது. ஒவ்வொரு முறை ஹெல்மெட்டை இறக்கும்போதும் சிலுவை போட்டுக்கொள்கிறேன். இந்தப் பயம் போய்விடும் என்று லிசி சொல்கிறாள். போக வேண்டாம் என்று நான் நினைக்கிறேன்.

அவள் வந்ததும், அந்த ஞாயிறு பூசைக்கு நேராகப் பாலக்கரைக்கே வந்துவிடுகிறேன். சமையலறை ஸ்டூலில் ஒரு கால் ஆடும், அடியில் அட்டை மடித்து வைத்திருக்கிறேன், எடுத்துவிடாதீர்கள். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தால் சத்தம் நன்றாகக் கேட்கும். கறிவேப்பிலை மாதிரி கைக்கு ஏதாவது வேலை வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் உதவும்.

சத்தம் நின்றால் தட்டுகிறேன். ஒரு நாளும் மறக்க மாட்டேன். நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள்.

ரோசரி